தயிர்ப்பசை விட்ட கோடு

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். முற்றத்தில் தகர டிரம்மில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அது கொதிக்கிறது. நெருப்பில்லாத கொதிப்பு. காரமான ஆவி மாடிவரை வந்து மூக்கைப் பிடிக்கிறது. சற்று நேரத்தில் என் அறைக்கு வருவார்கள். புத்தகங்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார் அப்பா. எடுத்து வைக்கவில்லை. உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதி எங்கே அனுப்புவது என்ற கேள்வி எனக்கு இல்லை. நீ இருந்தபோதே என் கடிதங்களுக்குப் பதில் போட்டவனில்லை. "ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு எதுக்குடா தபால்? சைக்கிள எடுத்துக்கிட்டு வா" என்பாய். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்குக் காவேரிப் பாலத்தைக் கடந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். நீ மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்திருப்பாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்தில் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாய்.

சுண்ணாம்பு வாசனைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாராவது கேட்டால் விளக்கச் சிரமப்படுவேன். உனக்கு விளக்க வேண்டாம். ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லாமல் இருந்தால் வரிசை கலைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

உனக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் சனிக்கிழமை மாலை நடனத்துக்கு வாசிக்கும் பேண்டில், பியானோவுக்குப் பக்கத்து நாற்காலி. அதில் உட்கார்ந்து கிதார் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் நடனத்துக்கு முன் வேறு ஆள் எடுப்பார்கள். வருகிறவன் சொந்த வாத்தியத்தோடு வர வேண்டும்.

உன்னிடம் விரல்கள் இருந்தன. வாத்தியம் இல்லை. நீ வாசித்துப் பழகிய கிதார் உன் அடுத்த வீட்டு ரயில்வே கார்டு ஒருவருடையது. கூரை ஒழுகி, ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து, அதன் உடம்பு விட்டுப்போயிற்று. "கழுத்து நல்லா இருக்கு மேன், நீ வச்சுக்கோ" என்று அதை உன்னிடம் கொடுத்துவிட்டார். கழுத்தும் முறுக்காணிகளும் தந்திகளும். உடம்பை நாம் செய்ய வேண்டும்.

நாம் என்று எழுதுகிறேன். நான் பிடித்துக்கொண்டேன், நீ அறுத்தாய். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் தச்சு தெரியாது. இண்டர்மீடியட்டோடு படிப்பை விட்டுவிட்டு உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் நீ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். சுருட்டு அடுக்கும் பெரிய பெட்டிகளுக்கு ஒரு மரம் போடுவார்கள். இலேசான, சிவந்த, மணமுள்ள மரம். உடைந்த பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தாய். அறுக்கும்போது தாழ்வாரம் முழுக்கப் புகையிலை வாசம் அடிக்கும். உன் அக்கா தும்மிக்கொண்டே காப்பி கொண்டு வருவாள்.

அந்த ஞாயிறு நான் வந்தபோது அடுப்பில் தகரக் குவளையில் வஜ்ஜிரம் காய்ந்துகொண்டிருந்தது. தச்சர்கள் மரம் ஒட்டும் பசை. மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது. அந்த நாட்களில் நான் மடியையும் ஆசாரத்தையும் வாய் ஓயாமல் கேலி செய்வேன். எங்கள் வீதியில் என்னைப் பற்றி நல்ல பேச்சு இல்லை. அப்படியிருந்தும் அன்று படியில் ஒரு கணம் நின்றேனாம். பின்னால் நீதான் சொன்னாய். எனக்கு நினைவில்லை.

நீ குவளையை இறக்கி வைத்தாய்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இது வேணாம். வேற பண்ணிக்கலாம்."

"எனக்காகவா? நான் அதெல்லாம் பாக்கறவனில்லைடா."

"நீ பாக்க மாட்ட. உன் மூக்கு பாக்குது."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பீங்கான் உடைஞ்சா நான் முட்டையும் சுண்ணாம்பும் கொழைச்சுத்தான் ஒட்டுவேன். கல்லு மாதிரி பிடிக்கும்."

"முட்டை ஐயங்காருக்கு ஆகாதுக்கா. தயிர் ஆகும். ஏண்டா, ஆகும்ல?"

"தயிரை வச்சு எவனாவது மரத்தை ஒட்டுவானாடா?"

"உங்க குடும்பத்தையே அதுதானேடா ஒட்டி வச்சிருக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாய். நீர் வடிந்ததும் அந்தக் கட்டியில் சுண்ணாம்பைப் போட்டுப் பிசைந்தாய். அது இழுபட்டது. நூல் விட்டது. முன்பலகைக்கு இரண்டு துண்டுகள். ஒரே அகலத்தில் பலகை கிடைக்கவில்லை. நடுவில் பசை தடவி, கயிறு சுற்றி, ஆப்பு அடித்து இறுக்கினோம். முகத்தில் பூசிக்கொண்டு திரிந்தாய். "ஐயங்கார் பசை" என்று பெயர் வைத்தாய். உன் அக்கா அதன் பிறகு என்னிடம் மோர் கொடுக்கும்போதெல்லாம் சிரித்தாள்.

ஒட்டியது. அதுதான் ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு கயிற்றை அவிழ்த்தபோது நடுவில் கறுப்புக் கோடு. மேலிருந்து கீழ்வரை. அழுது துடைத்த கண்மை மாதிரி இருபுறமும் கொஞ்சம் கலங்கி. சுண்ணாம்பு பட்டால் அந்த மரம் கறுக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? துடைத்தாய். எச்சில் தொட்டுத் துடைத்தாய். போகவில்லை.

"பரவாயில்ல. முதல்ல சத்தம் வருதா பாப்போம்" என்றாய்.

உடம்பை மூட்டிக் கழுத்தைப் பொருத்தித் தந்தி ஏற்ற மேலும் சில வாரங்கள் ஆயின. மெருகு எதுவும் பூசவில்லை. பச்சை மரமாகவே மடியில் வைத்துக்கொண்டு தடித்த தந்தியை ஒரு தடவை தட்டினாய். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இன்னும் வரவில்லை. நிறைய எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். பெட்டிக்குள் யாரோ இருந்து நிதானமாகப் பேசுவது போல என்று சொன்னால் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

"கேக்குதாடா?" என்றாய்.

கேட்டது.

அன்றிலிருந்துதான் தகராறு. அடித்துக்கொள்ளாத தகராறு. நீ ஒரு துண்டு உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கிதாரின் குறைகளை ஒவ்வொன்றாக விசாரணை செய்தாய். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மேடு, பெருவிரல் இடறியது, அதைத் தேய்த்துவிட்டாய். நடுத்துவாரம் சரியான வட்டமில்லை. "யாருக்குடா வாய் வட்டமா இருக்கு?" என்று விட்டுவிட்டாய். பெட்டியாக இருந்த காலத்து ஆணித் துளை ஒன்று கீழ் விளிம்பில் இருந்தது. மெழுகை உருக்கி அடைத்தாய். அடைத்தது இன்னும் நன்றாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டாய்.

கோட்டிடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

மிச்சத் துண்டுகளை அதே பசையில் ஒட்டி, அவற்றில் சோதனை செய்தாய். எலுமிச்சம்பழம் தேய்த்தாய். கறுப்பு பழுப்பாயிற்று, சுற்றி இருந்த மரம் வெளுத்து, கோடு இருந்த இடத்தில் அகலமான பட்டை வந்தது. புளி தேய்த்தாய். அதுவும் அப்படித்தான். இழைப்புளி போட்டு இழைத்தாய். கறை ஆழமாக இறங்கியிருந்தது. அது மறையும்போது பலகை அட்டை போல ஆகிவிட்டது. விரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாய். முகம் சுருங்கியது. முழு கிதாரையும் அப்படி இழைத்தால் அந்தக் குரல் போய்விடும் என்று உனக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

நான் விட்டுவிடு என்றேன். அந்த வருஷம் நான் படித்த புத்தகங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. செய்த விதத்தை மறைக்காதே. செங்கல் செங்கலாகத் தெரியட்டும். நான் அதைத் தமிழில், கையை ஆட்டி, உன் தாழ்வாரத்தில் பிரசங்கம் செய்தேன். மறைப்பது பொய் என்றேன். குறை என்பது வாத்தியத்தின் சரித்திரம் என்றேன்.

நீ முழுக்கக் கேட்டாய். பிறகு சொன்னாய்.

"நீ பி.ஏ. ஆனர்ஸ். நீ கிழிஞ்ச சட்டை போட்டா அது தத்துவம். நான் போட்டா கிழிஞ்ச சட்டை."

"அது வேறடா."

"அது வேற இல்லடா. பாலக்கரையிலேருந்து ஒருத்தன் போறான். கையில வீட்டுல செஞ்ச கிதாரு. அவன் வாசிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பாங்க. பாத்தாங்கன்னா என்ன வாசிச்சாலும் சுருட்டுப் பெட்டிதான்."

நீ சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அந்தக் கோடு எனக்காக வந்தது. நீ குவளையை இறக்கி வைத்ததால் வந்தது. நாம் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. புத்தகங்களிலிருந்து நான் எடுத்துச் சொன்ன அத்தனைக்கும் அடியில் இது ஒன்றுதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நீ என்னை மதித்து ஒன்று செய்தாய். அது மரத்தில் எழுதியிருந்தது. அழித்துவிடுவாயோ என்று இருந்தது எனக்கு.

கடைசியில் நீ இழைக்கவில்லை. பேண்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது கிதாரைப் படுக்கை விரிப்பில் சுற்றினாய். "குரலை அறுத்துட்டு முகத்தைக் கழுவி என்னடா பண்றது?" என்றாய். எனக்குச் சந்தோஷம். விரிப்பின் முடிச்சை நீ மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாய். அதைப் பார்த்தும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொன்மலைக்கு இரண்டு சைக்கிளில் போனோம். பிற்பகல். கூடத்தில் நாற்காலிகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பேண்டு மாஸ்டர், உயரமான ஆங்கிலோ இந்தியர், பியானோவின் மூடிக்குள் தலையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். முதுகு நம் பக்கம். டிரம் வாசிப்பவன் ஒருவன் ஜன்னலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நீ ஒரு வினாடி அந்த முதுகைப் பார்த்தாய். விரிப்பை உருவினாய். வந்தனம்கூடச் சொல்லாமல் வாசிக்கத் தொடங்கிவிட்டாய்.

அவர் திரும்பவில்லை. மூடிக்குள்ளிருந்து தலையை மட்டும் எடுத்து, அப்படியே நின்றார். முடிகிறவரை நின்றார். பிறகு திரும்பினார்.

"நல்லா வாசிக்கிறே மேன்." பக்கத்தில் வந்து குனிந்தார். "இது என்ன, கறையா?"

"தயிர் சார்."

"என்னது?"

"தயிர்."

ஜன்னலில் இருந்தவன் சிரித்துப் புகை ஏறி இருமினான். மாஸ்டரும் சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள கறுப்பு அடிச்சுட்டு எடுத்துட்டு வா. மேடையில எல்லாமே கறுப்புதான். பியானோ கறுப்பு. கோட்டு கறுப்பு."

"பெயிண்ட் அடிச்சா சத்தம் குறையும் சார்."

"குறையட்டும் மேன். ஆடுறவன் காதாலயா ஆடுறான்?"

திரும்பும்போது சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தோம். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்றேன். அவருக்குக் காது இருக்கிறது, அடுத்த வாரம் அவரே வழிக்கு வருவார் என்றேன்.

"சத்தம் குறையும்னு நீயே சொன்னியேடா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

நின்றாய். "அந்த நாற்காலி காலியா இருக்குடா. கோட்டுக்காக அதை விட்டுட்டு, வீட்டுல உக்காந்து உனக்கு மட்டும் வாசிச்சுக்கிட்டு இருக்கவா?"

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நீ அதைக் கேட்டுவிட்டாய் என்றே நினைக்கிறேன். குரலை இறக்கிக்கொண்டு சொன்னாய். "கோடு எங்கடா போவப்போவுது? அடியிலதானே இருக்கும். சுரண்டி எடுக்கலியே."

மூன்று பூச்சு அடித்தாய். ரயில் பெட்டிகளுக்கு அடிக்கும் கெட்டிக் கறுப்பு. கொடியில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தாய். அக்கா பார்த்துவிட்டு, "சேசுவே, சவப்பெட்டி மாதிரில்ல இருக்கு" என்றாள். "செத்தவன் வாசிப்பான் பாரு" என்றாய். தந்தி ஏற்றித் தட்டினாய். சளி பிடித்த குரல். அதே ஆள்தான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசினார். நீ தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாய். "போதும்" என்றாய். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை உள்ளே வர எனக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. டிரம், பியானோ, ஷூக்களின் ஓசை. இதில் உன் கிதார் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. இதற்காகவா என்று இருந்தது. ஜன்னல் பக்கம் போனேன்.

நீ அந்த நாற்காலியில் இருந்தாய். யாருடையதோ கறுப்புக் கோட்டு, தோள் பெரிது. பியானோக்காரர் உன் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். நீ தலையசைத்தாய். இருவரும் ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் நின்றீர்கள், ஒரே நேரத்தில் மறுபடி தொடங்கினீர்கள். உன் முகத்தில் அப்போது இருந்ததை நான் தாழ்வாரத்தில் பார்த்ததே இல்லை. நான் பிடித்துக்கொள்ள, நீ அறுத்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் பார்த்ததில்லை. ஐயங்கார் பசை என்று பெயர் வைத்தபோதுகூட.

மரத்தடிக்குத் திரும்பி வந்து நின்றேன். கிதார் கேட்கவில்லை. பரவாயில்லை என்று நினைக்கப் பழகிக்கொண்டேன். அன்றே பழகிவிட்டதாகச் சொன்னால் பொய்.

பிறகு நீ வேலையும் பேண்டுமாக அலைந்தாய். நான் கல்லூரியில் டியூட்டர் ஆனேன். ஞாயிறுகள் குறைந்தன. சண்டை வந்தது, உலகச் சண்டை, நமக்குள் இல்லை. பின்னொரு மழைக்காலத்தில் உனக்கு விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்றபோது கண்ணைத் திறந்து, "மூக்கை மூடிக்கோடா, மருந்து நாத்தம்" என்றாய். அதுதான் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை. கல்லறையில் குழிக்குள் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். குளித்தது ஆசாரத்துக்காகவா, மழையில் சேறு பட்டதற்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் உன் அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். போனேன். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவளுக்கு. உன் கிதாரை இப்போது பேண்டில் வாசிப்பவரும் வந்திருந்தார். மேலப்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராம். உன் நாற்காலியில் உட்காருகிறவர். சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. கையில் ஒரு சின்ன பெயிண்ட் டப்பா.

"தம்பி, இவரு ஒண்ணு கேக்குறாரு. எனக்குச் சொல்லத் தெரியல. செஞ்சவங்க நீங்க ரெண்டு பேரு. ஒரு வார்த்தை நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

அவர் கிதாரை மடியில் வைத்துத் திருப்பிக் காட்டினார். உடம்பின் மேல் விளிம்பில், வாசிக்கிறவனின் வலக்கை படியும் இடத்தில், கறுப்பு தேய்ந்துபோயிருந்தது. சிவந்த மரம் தெரிந்தது. நீளவாட்டில். ஓரங்கள் மெல்ல மெல்லக் கறுப்பில் கலந்தன. உன் கை அங்கே படுத்திருந்து எழுந்து போனது போல இருந்தது.

"விளக்கு வெளிச்சத்துல பளிச்சுனு தெரியுது சார். மேடைக்கு முன்னாடி நிக்கிறவங்க கேக்குறாங்க, என்ன வாத்தியாரே சொறி பிடிச்ச கிதாரான்னு. கிறிஸ்துமஸ் வருது. ஒரு கை அடிச்சுக்கவா? நீங்க வேணாம்னா வேணாம். சத்தியமா தொட மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவளால் சொல்ல முடியாததை நான் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு என்னிடம் காரணங்கள் எப்போதும் உண்டு. வாத்தியாருக்குப் பிடிக்காது, ஆனாலும் கேட்டுக்கொள்வார். அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசிப்பார். அடுத்ததற்கடுத்த சனிக்கிழமை வேறு கிதார் தேடுவார்.

"கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. உன்னைப் போல உட்கார்ந்து, முழங்கையை விளிம்பில் ஊன்றி, என் கையை அந்தச் சிவப்பின் மேல் படுக்கவைத்தேன். மரம் வழவழவென்று இருந்தது. என் மணிக்கட்டு முடிந்த பிறகும் இரண்டு விரற்கடை சிவப்பு மிஞ்சி நின்றது. உன் கை என் கையைவிட நீளம். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது.

"அடிச்சுடுங்க" என்றேன்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் டப்பாவைத் திறந்தார். மூடி இறுகியிருந்ததால் நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். தூரிகை விளிம்பிலிருந்து உள்ளே வந்தது. முழங்கைப் பக்கம் மறைந்தது. நடு மறைந்தது. மணிக்கட்டைத் தாண்டி அந்த இரண்டு விரற்கடை கொஞ்ச நேரம் தனியாக இருந்தது. பிறகு அதுவும்.

பெயிண்ட் காய்வதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. கிதாரை எடுத்து ஒரு நடை வாசித்துப் பார்த்தார். நன்றாகவே வாசிக்கிறார். சட்டைக் கையில் கறுப்பு ஒட்டியது. கவனிக்கவில்லை.

மாடிப்படியில் காலடி கேட்கிறது. வெள்ளையடிக்க வருகிறார்கள். நான் வாசிக்கவும் கற்றுக்கொள்ளவில்லை, அறுக்கவும் கற்றுக்கொள்ளவில்லை. உன்னுடையது என்று சொல்ல ஒரு பொருளும் என்னிடம் கிடையாது. என் கை முடிந்து உன் கை இன்னும் போய்க்கொண்டிருக்கும் அந்த இரண்டு விரற்கடை தூரம்தான் இருக்கிறது. எழுதும்போது மணிக்கட்டைக் காகிதத்தில் வைத்தால், அதற்கு அப்பால் அது தெரிகிறது.